முதல் கோணல் முற்றும் கோணலா?

பிப்ரவரி 10, கேள்வி

வடிவமைப்பு படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. வகுப்பில் சொல்லித் தரும் வரிசை இது: தேவைகளைத் திரட்டு, திட்டமிடு, வரை, செய், சோதி. வரிசை தவறினால் "முதல் கோணல் முற்றும் கோணல்" என்கிறார் ஆசிரியர். எனக்கோ செய்யத் தொடங்கிய பிறகுதான் என்ன தேவை என்பதே புரிகிறது. வரைந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோளாறு என்னிடமா, அந்த வரிசையிலா? கட்டடம், மென்பொருள், ஓவியம், கதை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே முறை என்று ஏதாவது உண்டா?

பிப்ரவரி 10, இரவு 11:40

கோளாறு பழமொழியில். அது கொத்தனாருக்குச் சொன்னது. முதல் வரிசைச் செங்கல் சாய்ந்தால் மேலே அடுக்குவதெல்லாம் சாயும், உண்மை. ஆனால் அவர் முதல் செங்கல்லை வைக்கும்போது டிசைன் முடிந்துபோயிருக்கும். டிசைன் செய்கிறவன் கையில் இருப்பது பென்சில். கோணல் வந்தால்தான் எங்கே நிமிர்த்துவது என்றே அவனுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். விடுமுறை நாளில் மரவேலை. நடுவில் கதை எழுதியும் பார்த்தேன், வாசகர்கள் தப்பித்தார்கள். மூன்றிலும் முதல் தடவையே சரியாக வந்தது என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: முதலில் செய்வதைத் தூக்கிப் போடப் போகிறோம் என்று கணக்கில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், எப்படியும் அதுதான் நடக்கும் என்று. கிழித்துப் போடுங்கள், கவலை வேண்டாம்.

பிப்ரவரி 11, காலை

புரூக்ஸ் விஷயத்தில் பாதிதான் சொன்னேன் என்று ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். சரிதான். இருபது வருடம் கழித்து, 1995-ல், அதே மனிதர் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முழுதாக ஒன்றைக் கட்டி, கடைசியில் தவறென்று கண்டு, முழுதாக எறிவது என்ற நினைப்பே பிசகு. சின்னதாக ஓடுகிற ஒன்றை வைத்துக்கொண்டு அதை வளர்ப்பதுதான் வழி என்றார்.

எறி என்று சொன்னதையே எறிந்துவிட்டார். இது அவருக்குத்தான் பெருமை.

பிப்ரவரி 11, மதியம்

யாராவது ஒருவர் 5,127 என்ற எண்ணைக் கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. ஜேம்ஸ் டைசன் தன் பை இல்லாத வாக்வம் கிளீனருக்குச் செய்த மாதிரிகளின் எண்ணிக்கை. இதைக் கேட்டதும் எல்லோரும் "விடாமுயற்சி!" என்று கை தட்டுகிறார்கள். நான் வகுத்துப் பார்த்தேன். சுமார் ஐந்து வருடம், நாளுக்கு ஏறக்குறைய மூன்று. ஒரு மாதிரிக்கு ஒரு வாரம் பிடித்திருந்தால் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியிருக்கும். மனிதர் அட்டையையும் ஒட்டு நாடாவையும் வைத்துத்தான் தொடங்கினார். விடாமுயற்சியைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அட்டையையும் கொஞ்சம் பாராட்டுங்கள்.

பிப்ரவரி 14

மரவேலையைப் பற்றிக் கேட்டவருக்கு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு புத்தக அலமாரி செய்தேன். அறையின் உயரம் 242 சென்டிமீட்டர். அலமாரி 240 என்று வைத்தேன், மேலே இரண்டு சென்டிமீட்டர் காற்று. ஆழம் 40. கணினியில் முப்பரிமாணத்தில் வரைந்தேன். தட்டு தட்டாக, திருகு திருகாக, புத்தகங்களைக்கூட நிறம் போட்டு அடுக்கினேன். படத்தில் ஒரு குறை கிடையாது. பலகைகளை அறுத்து, இழைத்து, அந்த அறையிலேயே தரையில் படுக்கவைத்துப் பொருத்தினேன். பசை காய ஒரு நாள். மறுநாள் நானும் மைத்துனனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம்.

நிற்கவில்லை. முக்கால்வாசி எழுந்ததும் பின்பக்க மேல் முனை கூரையில் முட்டியது. மைத்துனன் இன்னும் கொஞ்சம் தள்ளினான். கூரையில் பிறை வடிவத்தில் ஒரு கீறல் விழுந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பள்ளிக்கூடக் கணக்குதான். 240-க்கு 40 என்றால் மூலைவிட்டம் 243-க்கும் சற்று மேல். நின்றுவிட்டால் 240. படுத்திருந்தால் 40. எழும்போது மட்டும் அது 243. அந்த ஒரு நொடி என் படத்தில் இல்லை.

கடைசியில் ஒரு வயதான ஆசாரியை அழைத்து வந்தோம். சுற்றி வந்து பார்த்தார், அடிப்பக்கம் எட்டு சென்டிமீட்டரை ரம்பத்தால் அறுத்தெடுத்தார், அதையே தனிப் பீடமாக்கித் தரையில் வைத்தார். 232 உயரமான பெட்டியை நிறுத்தி, பீடத்தின் மேல் தூக்கி வைத்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பீடத்தைத் தனியாச் செய்யறது அழகுக்குன்னு நெனச்சீங்களா, தம்பி?" என்றார்.

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். பழைய அலமாரிகளில் அந்தப் பீடத்தைப் பார்த்திருக்கிறேன். பழைய பாணி என்று என் வரைபடத்தில் நானே நீக்கியிருந்தேன்.

பிப்ரவரி 16

"உங்கள் அலமாரிக் கதையே பழமொழிக்குச் சாட்சி" என்று ஒருவர். கூடவே சிட்னி ஓபரா ஹவுஸையும் எடுத்து வீசியிருக்கிறார். நல்ல அடி. யோசிக்க ஒரு நாள் ஆனது.

சிட்னியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957-ல் அந்த அரங்கை வடிவமைக்கும் போட்டியில் டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வென்றார். அந்தச் சிப்பிக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது, அவருக்கும் சேர்த்து. கையால் இழுத்த வளைவுகள் அவை; அவற்றுக்குக் கணிதம் கிடையாது. ஆனால் அரசுக்கு அவசரம். 1959-ல் அடித்தளத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் வடிவம் முடிவானதோ 1961-ல். அந்தக் கூரையின் எடையைத் தாங்க, ஏற்கெனவே எழுப்பியிருந்த தூண்கள் போதவில்லை. உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் வந்து நின்றது. 1966-ல் உட்சன் விலகிப் போனார். 1973-ல் திறப்பு விழா நடந்தபோது அவர் அங்கே இல்லை.

ஆகவே, ஒப்புக்கொள்கிறேன்: முதல் கோணல் கான்கிரீட்டில் விழுந்தால் பழமொழி ஜெயிக்கும்.

ஆனால் இதே கதைக்குள் நான் மிகவும் விரும்புகிற இடம் ஒன்று உண்டு. 1961-ல் கிடைத்த விடை என்ன? எல்லாச் சிப்பிகளையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக ஆக்கிவிடுவது. சுமார் 75 மீட்டர் ஆரம் கொண்ட ஒரே கோளம். கோளத்தின் வளைவு எங்கும் ஒன்றுதான், அதனால் கூரையைத் தாங்குகிற விலா எலும்புகளை ஒரே மாதிரி அச்சுகளில் தரையிலேயே வார்த்து மேலே தூக்கலாம். 10 லட்சத்துக்கும் அதிகமான ஓடுகளையும் தரையிலேயே பலகை பலகையாகப் பதித்து மேலே ஏற்றலாம். அதாவது, கூரையை எப்படித் தூக்கி நிறுத்துவது என்ற கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் கூரைக்கு வடிவமே கிடைத்தது. போட்டிக்கு அனுப்பிய படத்தில் இருந்த தட்டையான சிப்பிகள் வேறு. இன்று உலகம் படம் எடுத்துக்கொள்கிற, நிமிர்ந்த சிப்பிகள் வேறு.

என் அலமாரியில் நான் விட்டது இதைத்தான். படத்தில் பொருள் இருந்தது. அது அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழி இல்லை.

பிப்ரவரி 17

நேற்று எழுதிய கடைசி வரி தூங்கவிடவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நினைவுக்கு வந்தது.

1981 ஜூலை 17, ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காவது மாடி உயரத்தில் ஒரு பாலம். நேர் கீழே, இரண்டாவது மாடி உயரத்தில் இன்னொன்று. முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல் பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப் பாலம் வரை போகும். ஒவ்வொரு பாலத்தின் உத்திரத்துக்கு அடியிலும் ஒரு நட்டு, அதன் மேல் பாலம் உட்காரும். மேல் நட்டு மேல் பாலத்தை மட்டும் தாங்கினால் போதும்.

படம் சரி. ஆனால் அந்த மேல் நட்டை அங்கே எப்படிக் கொண்டுபோவது? கம்பியின் நுனியிலிருந்து இரண்டு மாடி உயரத்துக்கு மரை வெட்டி, அத்தனை தூரமும் நட்டைச் சுழற்றிக்கொண்டே ஏற்ற வேண்டும். கட்டுகிற இடத்தில் அடிபடாமல் அந்த மரையைக் காப்பாற்றவும் வேண்டும். கம்பி செய்பவர்கள் கேட்டார்கள்: ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு போடலாமே? கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒப்புதல் கிடைத்தது.

கயிற்றைப் பிடித்து இரண்டு பேர் தொங்குகிறார்கள் என்று வையுங்கள், ஒருவருக்குக் கீழ் ஒருவர். ஆளுக்கு ஆள் அவரவர் எடை. இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்கிறார். கயிற்றுக்கு ஒரு மாற்றமும் இல்லை. மேலே இருப்பவரின் கைகளுக்கு? அந்த மேல் நட்டுக்கு நடந்தது இதுதான். சுமை இரண்டு மடங்கு.

முதல் கோணல் என்று இதை எப்படிச் சொல்வது? இது கடைசிக் கோணல். பழமொழிக்கு இங்கே வாயே இல்லை.

பிப்ரவரி 17, சற்று கழித்து

எழுதிவிட்டு என் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். விசாரணையில் தெரியவந்தது: மாற்றுவதற்கு முன்பிருந்த ஒற்றைக் கம்பி வடிவமும் அந்த ஊர்க் கட்டட விதி கேட்ட பலத்தில் 60 சதவீதம்தான் தாங்கக்கூடியதாக இருந்தது. ஆக முதல் கோணலும் இருந்தது, கடைசிக் கோணல் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

பழமொழிக்கு வாய் இருக்கிறது. சரி.

பிப்ரவரி 18

"ஒப்புதல் கொடுத்தவர் கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், இதில் தத்துவம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார் கட்டடப் பொறியாளர் ஒருவர். உண்மை. ஆனால் அந்தக் கணக்கைப் போடத் தோன்ற வேண்டும் அல்லவா? மாற்றம் வந்தது "செய்வதற்கு வசதி" என்ற பெயரில். செய்கிற வழி என்பது டிசைனில் சேராத சில்லறை விஷயம் என்று நினைக்கிறவன், வழியை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்று சந்தேகப்பட மாட்டான். நானும் அறுபது வயது ஆசாரி வந்து கேட்கும்வரை சந்தேகப்படவில்லை. என் நல்ல நேரம், என் அலமாரிக்கு அடியில் யாரும் நிற்கவில்லை.

பிப்ரவரி 22

"மென்பொருளில் கூரை எங்கே, கம்பி எங்கே? நினைத்தால் மாற்றிக்கொள்ளலாமே" என்று கேட்டவருக்கு, என் தொழிலில் நான் பட்டது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஒரு மருத்துவமனைக்கு மருந்துப் பதிவுத் திரை செய்தோம். எந்த நோயாளிக்கு, என்ன மருந்து, எவ்வளவு, எப்போது கொடுத்தது என்று செவிலியர் பதிய வேண்டும். ஆறு வாரம் உட்கார்ந்து தேவைகளைத் திரட்டினோம், வகுப்பில் சொல்கிறார்களே, அப்படியே. தடித்த கோப்பு. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. திரையும் அழகாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வார்டுக்குப் போனேன். கணினித் திரையின் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரிதான். அதில் நீலப் பேனாவால் "எஃப் 6, எஃப் 6, கீழ் அம்பு, எண்டர்" என்று எழுதியிருந்தது. மூலை அழுக்கேறிச் சுருண்டிருந்தது. அதன் மேல் இன்னொரு பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"இது என்ன சிஸ்டர்?"

"அது நீங்க எழுத மறந்ததுங்க, தம்பி" என்றார் மூத்த செவிலியர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பக்கத்தில் நின்று பார்த்தேன். எட்டு மணி மருந்து என்றால் அவர் ஒவ்வொரு கட்டிலாகப் போகிறார். முப்பது பேருக்கும் எட்டு மணி மருந்து கொடுத்து முடித்துவிட்டுத்தான் பதிய உட்கார்கிறார். எங்கள் திரையோ ஒரு நோயாளியைத் திறந்தால் அவருடைய நாள் முழுவதையும் காட்டும். அடுத்தவரிடம் போக, இவரை மூடிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். மூடும்போது "நிச்சயமாக மூடவா?" என்று ஒரு கேள்வி வேறு, நான் எழுதியது, பாதுகாப்பு என்று பெருமையாகச் சேர்த்தது. முப்பது பேருக்கு முப்பது தடவை. பிளாஸ்திரியில் இருந்தது அதைக் கடக்கும் குறுக்கு வழி.

கோப்பில் இருந்த தேவைகளில் ஒன்றுகூடத் தவறில்லை. பெயர், மருந்து, அளவு, நேரம், எல்லாம் இருந்தது. அவர் நடக்கிற வரிசை மட்டும் இல்லை. நாங்கள் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டோம். உட்கார்ந்திருக்கிறவர் நடையைப் பற்றி எப்படிச் சொல்வார்? அது அவர் காலுக்குத் தெரிந்தது.

பட்டியலை நேரவாரியாக மாற்ற மூன்று நாள் பிடித்தது. அந்தப் பிளாஸ்திரியை உரித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 23

அதனால் பயன்படுத்துகிறவரையே டிசைன் செய்யவிடலாமா என்றால், வேண்டாம். எஃப் 6-ஐ இரண்டு தடவைக்குப் பதில் ஒரு தடவை ஆக்கிக் கொடுங்கள் என்றுதான் அவர்களும் கேட்டார்கள். நேரவாரியாகத் திருப்பிப் போடலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தால் பிளாஸ்திரியில் ஒரு வார்த்தைதான் குறைந்திருக்கும்.

மார்ச் 1

கணினி அறிஞர் டொனால்ட் க்னூத்தை ஏன் இன்னும் யாரும் இழுக்கவில்லை என்று பார்த்தேன். நானே இழுக்கிறேன்.

1977-ல் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சு மாதிரி அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துக்கோக்க ஒரு மென்பொருளைத் தானே செய்வதென்று இறங்கினார், டெக் என்று பெயர். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தார். சுமார் பத்து வருடம் இழுத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது தொடக்கத்தில் நடந்த ஒன்று. எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி, இரண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டுப் பயணம் போனார். திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் தான் எழுதியதில் எத்தனை ஓட்டைகள் இருந்தன என்பது, பிறகு தானே நிரல் எழுத உட்கார்ந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சில வரிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது, அந்த முடிவுகள் அவர் எழுதிக் கொடுத்த தாளில் இல்லை. புதுவகையான ஒன்றை வடிவமைக்கிறவர் அதைத் தானே செய்யவும் வேண்டும், முதலில் பயன்படுத்தவும் வேண்டும், அதற்கான கையேட்டையும் தானே எழுத வேண்டும் என்பது பிறகு அவர் சொன்னது. கையேடு எழுதும்போது விளக்கச் சிரமமாக இருக்கிற இடம்தான் டிசைன் சொதப்பிய இடம். இதை நான் நூறு தடவை அனுபவித்திருக்கிறேன்.

எழுத்துருக்களையும் அவரே கணிதத்தால் வரைந்தார். ஆங்கிலத்தின் மற்ற எழுத்துகளெல்லாம் படிந்துவர, எஸ் மட்டும் நாள் கணக்கில் பிடிவாதம் பிடித்தது. வளைவுகளைக் காட்டி மனைவியிடம் புலம்பியபோது, "இதை எஸ் வடிவத்தில் செய்தால் என்ன?" என்று கேட்டாராம் அவர். ஒரு டிசைனருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சரியான, மிகப் பயனற்ற விமர்சனம். என் மேலாளர்கள் பலரும் அந்த அம்மையாரிடம் பாடம் கேட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 4

வழி, வழி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், என் கட்சிக்கே எதிரான சாட்சி ஒன்று அகப்பட்டது.

லண்டன் சுரங்க ரயில் வரைபடம். மின்சுற்று வரைந்து பழகிய ஹாரி பெக் 1931-ல் வரைந்து காட்டினார், முதலில் வேண்டாம் என்றார்கள், 1933 ஜனவரியில் வெளியானது. தரைக்கு அடியில் போகிறவருக்கு மேலே இருக்கிற தெரு எதற்கு, எங்கே ஏறி எங்கே மாறி எங்கே இறங்குவது என்று தெரிந்தால் போதும் என்று தூரத்தையெல்லாம் தூக்கிப் போட்டு, நேர்க்கோடும் 45 பாகைச் சாய்வுமாக வரைந்தார். பயணியின் வழி மட்டுமே படம். என் கட்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் அந்தப் படத்தில் தேம்ஸ் ஆறு இருந்தது. 2009-ல் படத்தை எளிமையாக்குகிறோம் என்று ஆற்றை எடுத்துவிட்டார்கள். தர்க்கப்படி சரி: ரயில் பயணிக்கு ஆறு எதற்கு? ஊரே கூச்சல் போட்டது. திரும்ப வைத்துவிட்டார்கள்.

ஆற்றில் யாரும் ரயில் மாறுவதில்லை. இருந்தும் ஆற்றுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதை வைத்துத்தான் மனிதர்கள் தங்களை ஊருக்குள் வைத்துக்கொள்கிறார்கள். வழி மட்டும் தெரிந்து இடம் தெரியாமல் போனால் பயமாக இருக்கிறது போலும். இதை என் கட்சியில் எங்கே சேர்ப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. அப்படியே விட்டுவைக்கிறேன்.

மார்ச் 5

ஓவியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பார்க்கத்தான் தெரியும். பிக்காசோவின் குவெர்னிக்காவை, 1937-ல் அது உருவாகிக்கொண்டிருந்தபோதே, டோரா மார் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்துவைத்தார். தொடக்கப் படங்களில் நடுவே முறுக்கிய முஷ்டியோடு ஒரு கை வானத்தை நோக்கி உயர்ந்திருக்கிறது. பிறகு அது காணாமல் போய்விடுகிறது. இன்னொரு கட்டத்தில் துணியின் மேல் வண்ணச் சுவர்த்தாளை வெட்டி ஒட்டிப் பார்த்திருக்கிறார், பிறகு பிய்த்துவிட்டார். கடைசியில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான்.

சுவர்த்தாள்! ஓவியத்தில் வண்ணம் வேண்டுமா என்ற கேள்வியை வண்ணத்தைக் குழைக்காமலே கேட்டுவிட்டார். டைசனின் அட்டையும் இதுவும் ஒரே சாதி.

மார்ச் 5, இரவு

கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. தமிழில் கட்டடத்துக்குக் கட்டுகிற மூங்கில் சாரமும் சாரம், பிழிந்தெடுக்கிற சாரமும் சாரம். நான் எழுதிய பன்னிரண்டு கதைகளிலும் முதல் இரண்டு பத்தி முதல் வகை. கதைக்குள் நான் ஏறிப் போகக் கட்டியது. இரண்டாவது வகை என்று நினைத்துக் கழற்றாமல் விட்டுவிட்டேன். எழுதாமல் இருந்திருக்கலாமா என்றால் முடியாது, அது இல்லாமல் மூன்றாவது பத்திக்கு ஏறியே இருக்க மாட்டேன். ஆக அதை எழுதியதில் தப்பில்லை. கழற்றாததுதான் தப்பு.

மார்ச் 12

ஒரு விமானக் கதையோடு முடித்துக்கொள்கிறேன் என்று நினைக்கிறேன். (முடிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.)

மனித பலத்தால் மட்டும் பறக்கும் விமானத்துக்கு 1959-ல் ஒரு பரிசு அறிவித்தார்கள், கிரெமர் பரிசு. அரை மைல் இடைவெளியில் இரண்டு கம்பங்கள், அவற்றைச் சுற்றி எட்டு போட வேண்டும். பதினெட்டு வருடம் யாராலும் முடியவில்லை. முயன்றவர்கள் சாதாரண ஆட்களில்லை. இறக்கைகளை நகை செய்வதுபோலச் செய்தவர்கள். ஒரு தடவை விழுந்தால் பழுது பார்க்க மாதக்கணக்கில் ஆகும்.

அமெரிக்கப் பொறியாளர் பால் மக்ரெடி இதில் இறங்கியதற்குக் காரணம் கடன். உறவினர் ஒருவருக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டார், கடன் தொகையும் பரிசுத் தொகையான 50,000 பவுண்டும் ஏறக்குறைய சமம். அவர் செய்த விமானம் அலுமினியக் குழாய், மெல்லிய பிளாஸ்டிக் உறை, ஒட்டு நாடா, கம்பி. பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் விழுந்தால் சில மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, மறுபடி பறக்கத் தயார். மற்றவர்கள் ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதை அவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். 1977 ஆகஸ்ட் 23 அன்று சைக்கிள் வீரர் பிரையன் ஆலன் மிதிக்க, காஸமர் கான்டார் என்ற அந்த விமானம் எட்டு போட்டது.

நன்றாகப் பறக்கும் விமானத்தை அவர் முதலில் தேடவே இல்லை. சீக்கிரம் ஒட்டக்கூடிய விமானத்தைத் தேடினார். என் ஆசாரி பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்.

மார்ச் 13

இரண்டு வைரம் வரைந்த படத்தைக் காட்டி "இதுதான் அறிவியல்பூர்வமான முறை" என்று ஒருவர். பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2004 வாக்கில் உருவாக்கியது: விரி, சுருக்கு, மறுபடி விரி, சுருக்கு. நல்ல படம்தான். எங்கள் அலுவலகச் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் நடந்த வேலையை நான் கோடு போட்டுப் பார்த்தால், கோழி மண்ணைக் கிளறிய மாதிரித்தான் வருகிறது.

இதில் நேர்மையாகப் பேசியவர்கள் கணினி அறிஞர்கள் டேவிட் பார்னஸும் பால் கிளெமன்ட்ஸும். மென்பொருளை ஒழுங்கான வரிசையில் யாராலும் வடிவமைக்க முடியாது, தேவைகள் முழுதாகத் தெரிவதில்லை, தெரிந்தாலும் மாறும், மாறாவிட்டாலும் மனிதன் தவறு செய்வான் என்று 1986-ல் எழுதினார்கள். ஆனாலும் முடித்த பிறகு, வரிசையாகத்தான் செய்தோம் என்பதுபோல ஆவணத்தை எழுதிவையுங்கள் என்றார்கள். ஏமாற்ற அல்ல. பின்னால் வந்து படிக்கிறவருக்கு நாம் தடுமாறிய தடம் உதவாது, வந்து சேர்ந்த இடமும் ஏன் அந்த இடம் என்பதும்தான் உதவும்.

கேள்வி கேட்ட தம்பி, அல்லது தங்கை: உங்கள் ஆசிரியர் கற்றுத் தருகிற வரிசை இந்த இரண்டாவது வேலைக்கு. அதை வைத்து அறிக்கை எழுதுங்கள், மதிப்பெண் வரும். வேலையை நீங்கள் செய்கிற மாதிரியே செய்யுங்கள்.

மார்ச் 30

தங்கை என்று தெரிந்தது. அறிக்கைக்கு மதிப்பெண் வந்ததாம். கூடவே மறுபடி அதே கேள்வி: "எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே முறை உண்டா என்று கேட்டேன், ஒரு மாதமாக அலமாரியும் விமானமும் சொல்கிறீர்கள்."

முறை தெரியாதம்மா. ஒரு கேள்விதான் இருக்கிறது, அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: இது இங்கே எப்படி வந்து சேரும்? நட்டு என்றால் கம்பியில் எப்படி ஏறும். திரை என்றால் அவர் எங்கிருந்து நடந்து வருகிறார். கதை என்றால் படிப்பவர் இந்த வரிக்கு வரும்போது கையில் என்ன வைத்திருப்பார். பதில் தெரியாவிட்டால் அட்டையில் செய்து பார்க்கிறேன். தெரியும் என்று தோன்றினால் கட்டாயம் செய்து பார்க்கிறேன், அலமாரி விஷயத்தில் எனக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது.

ஆற்றை என்ன செய்வது என்பது இன்னும் பாக்கி.

ஜூன் 18

வீடு மாறுகிறோம். அலமாரியை எடுக்க வேண்டும்.

பீடம் தனியாக வந்துவிட்டது. பெட்டியைக் கூரையில் இடிக்காமல் சாய்த்துப் படுக்கவைத்தோம், மைத்துனன் அந்தப் பிறைக் கீறலைக் காட்டிச் சிரித்தான். அறைக் கதவைத் தாண்டியது. கூடத்தைத் தாண்டியது. மாடிப்படியின் திருப்பத்தில் போய் நின்றது. படுக்கவைத்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம், கைப்பிடிக்கு மேலே தூக்கிப் பார்த்தோம். 232 சென்டிமீட்டர் அந்தத் திருப்பத்தில் திரும்பாது. அறைக்குள்ளேயே செய்ததால் அது அந்தப் படியை ஒருநாளும் பார்த்ததில்லை. நானும் நிறுத்துவதைப் பற்றித்தான் ஆறு வருடமாக எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆசாரிக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். நாளைக் காலை ரம்பத்தோடு வருகிறார். எங்கே வெட்டுவது என்று நான் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், அவர் வந்து அழிப்பார்.